முதல் திரையும் முதல் பிழையும்

கணினிக்கு நிரல் எழுதக் கற்க வருபவர், மொழியின் இலக்கணத்துக்குள் நுழையும் முன்பே அதைத் தாங்கி நிற்கும் கருவியின் திரையைப் பார்த்துவிடுகிறார். அத்திரையில் எது எங்கே இருக்கிறது, எதைத் தொட்டால் என்ன நடக்கும், தவறாக ஒன்றைச் செய்துவிட்டால் கருவி என்ன சொல்லும் என்பவை எல்லாம் சேர்ந்ததே இடைமுகம், அதாவது மனிதரும் கருவியும் ஒருவருக்கொருவர் முகம் கொடுக்கும் பரப்பு. அதனுடன் வரும் பயிற்சிப் பாடம், ‘இதை அழுத்துக, இதை எழுதுக, இப்போது இது தோன்றும்’ என்று புதியவரைப் படிப்படியாக அழைத்துச் செல்லும் வழிகாட்டியாகும். முதல் அரை மணி நேரத்தில் கற்ற கட்டளைகள் மறந்துபோகலாம். பிழை என்பது கற்பவரின் குறையா, வேலையின் இயல்பான பகுதியா என்பது பற்றி அந்த அரை மணி நேரம் மனத்தில் ஊன்றிவிடும் எண்ணம் அத்தனை எளிதில் அகல்வதில்லை. கருவிகளை மதிப்பிட அழகு, வேகம், வசதி எனப் பல அளவுகோல்கள் உண்டென்றாலும், தொடக்கநிலையாளருக்கான கருவியை எடைபோடும்போது பிழையை அது எப்படி நடத்துகிறது என்பதே முதலில் பார்க்கத்தக்கது.

1960களின் தொடக்கம் வரை, கணினியைப் பயன்படுத்தியோரில் பெரும்பாலோருக்குத் திரை என்ற ஒன்றே இருந்ததில்லை. நிரலைத் துளை அட்டைகளில் பதித்து, அட்டைக்கட்டைக் கணினி மையத்தில் ஒப்படைத்து, மணிக்கணக்கில், சில வேளை மறுநாள் வரை காத்திருந்து, அச்சிட்ட தாளில் விடையைப் பெற்றுக்கொள்வதே வழக்கமாக இருந்தது. ஓர் எழுத்து பிசகியிருந்தாலும் இவ்வளவையும் மறுபடி தொடங்க வேண்டும். பிழையின் விலை ஒரு நாள் என்றிருக்கும் இடத்தில், துணிந்து ஒன்றைச் செய்துபார்க்கும் பழக்கம் வளராது. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்திலுள்ள டார்ட்மத் கல்லூரியின் கணிதப் பேராசிரியர்களான ஜான் கெமெனியும் தாமஸ் குர்ட்ஸும், அறிவியல் படிக்காத மாணவர்களும் கணினியைக் கையாள வேண்டும் என்று கருதி, பேசிக் என்னும் மொழியையும், ஒரே கணினியைப் பலர் ஒரே நேரத்தில் பயன்படுத்த இடமளிக்கும் நேரப்பகிர்வு முறையையும் சேர்த்தே உருவாக்கினர். 1964 மே 1 அன்று அதிகாலை 4 மணியளவில் அங்கே முதல் பேசிக் நிரல்கள் இயங்கின. அமர்வைத் தொடங்க ‘ஹலோ’ என்றும் முடிக்க ‘குட்பை’ என்றும் தொலைதட்டச்சுப் பொறியில் அடிக்க வேண்டும் என்று அவர்கள் வகுத்த ஏற்பாட்டிலேயே, புதியவர் மிரளக்கூடாது என்ற அக்கறை தெரிகிறது. பேசிக்கின் கட்டளைகள் எளியவை என்பது எல்லோரும் சொல்வது. பதில் உடனுக்குடன் வந்தது அதைவிடப் பெரிய மாற்றம், ஏனென்றால் தவறு செய்வது அப்போதுதான் மலிவானது.

இன்னொரு வகை முதல் தோற்றத்தை இந்தியாவில் ஒரு தலைமுறையே நன்கறியும். போர்லாண்ட் நிறுவனம் 1987-இல் வெளியிட்ட டர்போ சி, அதைத் தொடர்ந்து வந்த டர்போ சி++ ஆகியவை, எழுத ஒரு செயலி, எழுதியதை இயந்திர மொழிக்கு மாற்ற மற்றொன்று, இயக்க வேறொன்று என்றிருந்த நிலையை மாற்றி, எல்லாவற்றையும் ஒரே திரைக்குள் கொண்டுவந்தவை. தம் காலத்தில் அவை பெரும் முன்னேற்றமே. ஆனால் 2000-க்குப் பிறகும் நெடுங்காலம் பொறியியல் கல்லூரி ஆய்வகங்களில் அந்த நீலத் திரையின் முன் அமர்ந்த முதலாமாண்டு மாணவருக்கு, நிரல் சரியாக இயங்கினாலும் விடை கண்ணில் படாது; இயங்கி முடித்த நொடியிலேயே நீலத் திரை திரும்பிவிடும் என்பதால், ஒரு விசையை அழுத்தும்வரை கணினியை நிறுத்திவைக்க ‘கெட்ச்’ என்ற கட்டளையை இறுதியில் சேர்க்க வேண்டும்; முன்பு வந்த விடைகள் திரையில் ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால் அதைத் துடைக்கும் மற்றொரு கட்டளையைத் தொடக்கத்தில் சேர்க்க வேண்டும். இவ்விரண்டும் சி மொழியின் பொதுத்தரத்தில் இல்லாதவை, அந்தக் கருவியின் தனி ஏற்பாடுகள் என்பது, வேறு கருவிக்கு மாறியபோதுதான் பலருக்குத் தெரியவந்தது.

பிழைச்செய்திகள் அதைவிடக் கடினமானவை. ஒரு வரியின் முடிவில் அரைப்புள்ளி விடுபட்டிருந்தால், கம்பைலர் எனப்படும் மொழிமாற்றி அந்த வரியிலேயே அதைக் கண்டுகொள்ள இயலாது, ஏனெனில் சி மொழியில் ஒரு கூற்று அடுத்த வரியிலும் தொடரலாம். அடுத்த வரியின் முதல் சொல் பொருந்தாமல் போகும்போதுதான் அது தடுமாறுகிறது, அந்த வரியையே பிழை வரியாகக் காட்டுகிறது, சில வேளை அந்தத் தடுமாற்றத்தின் தொடர்ச்சியாக மேலும் சில பிழைகளையும் அடுக்குகிறது. இயந்திரத்தின் பார்வையில் இது முற்றிலும் நியாயமானது. ஒழுங்காக எழுதிய வரியைத் தவறு என்று சொல்லக் கேட்கும் மாணவரோ, தமக்கு இந்த வித்தை வராது என்ற முடிவுக்கு வந்துவிடுகிறார். எத்தனையோ பேர் அந்த முடிவோடே நாலாண்டுப் படிப்பையும் முடித்திருக்கிறார்கள் என்பது வருந்தத்தக்கது.

பிழையைப் பற்றி வேறு விதமாகச் சிந்தித்த மரபு ஒன்று இதற்கு முன்பே தோன்றியிருந்தது. 1967-இல் வாலி ஃபொயர்சைக், சிந்தியா சாலமன், சீமோர் பேப்பர்ட் ஆகியோர் சிறுவர்களுக்காக உருவாக்கிய லோகோ மொழி பின்னாளில் ஓர் ‘ஆமை’க்காகப் புகழ்பெற்றது. முதலில் தரையில் ஊர்ந்து தாளில் கோடு போட்ட இயந்திரமாகவும் பிறகு திரையில் நகரும் சின்னமாகவும் இருந்த அந்த ஆமையிடம் ‘50 அடி முன்னே போ, 90 பாகை வலப்பக்கம் திரும்பு’ என்று சொன்னால் கோடு விழும். ஆமை தவறான பக்கம் திரும்பினால் சிறுவர் தாமே எழுந்து நின்று ஆமையாக நடந்து பார்த்து எங்கே பிசகியது என்று கண்டறியலாம். லோகோவுக்குத் தெரியாத ஒரு சொல்லைத் தட்டினால், அதை எப்படிச் செய்வதென்று தனக்குத் தெரியாது என்னும் பொருளில் அது பதில் தரும். எழுதியவர் தவறிவிட்டார் என்று அது சொல்வதில்லை, தனக்குக் கற்பிக்கப்படவில்லை என்று சொல்கிறது. ஜெனீவாவில் ழான் பியாஜேயுடன் பணியாற்றிக் குழந்தைகளின் சிந்தனை வளர்ச்சியை அருகிலிருந்து பார்த்தவரான பேப்பர்ட், 1980-இல் வெளியான ‘மைண்ட்ஸ்டார்ம்ஸ்’ நூலில், ஒரு நிரல் சரியா தவறா என்பதைவிட அதைத் திருத்த முடியுமா என்பதே கேட்கவேண்டிய கேள்வி என்ற கருத்தை வலியுறுத்தினார்.

அந்த மரபின் நேர் வாரிசாக வந்தது ஸ்கிராட்ச். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் மீடியா லேபில் மிட்செல் ரெஸ்னிக்கின் குழு உருவாக்கி 2007-இல் பொதுமக்களுக்கு வெளியிட்ட இக்கருவி, 2013-இல் இரண்டாம் பதிப்பையும் 2019 ஜனவரியில் மூன்றாம் பதிப்பையும் கண்டது. கருவியைத் திறந்தவுடன் எல்லாம் ஒரே சாளரத்துக்குள் தெரிகின்றன: இடப்பக்கம் நிறவாரியாகப் பிரித்து அடுக்கிய கட்டளைத் துண்டுகள், நடுவில் அவற்றை இழுத்துப் போட்டுக் கோக்கும் வெற்றிடம், வலப்பக்கம் 480 புள்ளி அகலமும் 360 புள்ளி உயரமும் கொண்ட மேடை, அதன் நடுவில் ஓர் ஆரஞ்சு நிறப் பூனை. நகர்வுக்கு நீலம், தோற்றத்துக்கு ஊதா, நிகழ்வுகளுக்கு மஞ்சள், கணக்கீட்டுக்குப் பச்சை என்று நிறங்கள் பிரிந்திருப்பதால், பெயர் மறந்துபோன துண்டையும் நிறத்தால் தேடி எடுத்துவிடலாம். மேடைக்கு மேலே ஒரு பச்சைக் கொடியும் ஒரு சிவப்பு எண்கோணமும் இருக்கின்றன. கொடி தொடங்குகிறது, எண்கோணம் நிறுத்துகிறது. மறைந்து கிடக்கும் பட்டிகளுக்குள் துழாவ வேண்டிய தேவை தொடக்கத்தில் ஏறக்குறைய இல்லை.

வெற்றுத் திரையில் கண்சிமிட்டும் ஒரு சிறு கோடு, புதியவரிடம் எதையும் கேட்பதுமில்லை, எதையும் காட்டுவதுமில்லை. பூனையோ ஏற்கனவே மேடையில் நிற்கிறது. ‘10 அடி நகர்’ என்ற துண்டை எங்கும் கோக்காமல், அது அடுக்கிவைக்கப்பட்டிருக்கும் இடத்திலேயே சொடுக்கினாலும் பூனை சற்று நகரும். இந்தச் சிறிய ஏற்பாடு உள்ளபடியே ஆழமானது, ஏனெனில் ஒரு கட்டளையின் பொருளை விளக்கவுரை படித்து அறியாமல் செய்துபார்த்தே அறிந்துகொள்ள அது இடமளிக்கிறது. 10 என்ற இடத்தில் 100 என்றோ கழித்தல் குறியுடன் 10 என்றோ மாற்றிச் சொடுக்கும் சிறுமி, எதிர் எண் என்பது பின்னோக்கிய நகர்வு என்பதை யாரும் சொல்லாமலே கண்டுவிடுகிறாள். நிரல் ஓடிக்கொண்டிருக்கும்போதே துண்டுகளைச் சேர்க்கலாம், பிரிக்கலாம். ஓடும் தொடரைச் சுற்றி மஞ்சள் ஒளி படர்வதால் எது இயங்குகிறது என்பதும் தெரிந்துவிடும்.

துண்டுகளின் வடிவமே இங்கே இலக்கணம். மேற்புறம் வளைந்த ‘தொப்பி’த் துண்டின் மேல் எதையும் பொருத்த முடியாது, அது தொடக்கம் என்பதால். உள்ளே இடைவெளி விட்டு வாய் திறந்து நிற்கும் துண்டு, மடக்கு எனப்படும் திரும்பத் திரும்பச் செய்யும் கட்டளைக்கு உரியது, எண்ணையோ சொல்லையோ தரும் துண்டுகள் உருண்டை விளிம்பு கொண்டவை, ‘ஆம்’ அல்லது ‘இல்லை’ என்று மட்டும் விடை தரும் துண்டுகள் அறுகோணமாக இருப்பதால், நிபந்தனை கேட்கும் அறுகோணக் குழியில் எண் துண்டு அமராது. அரைப்புள்ளி விடுபடுவது, அடைப்புக்குறியை மூட மறப்பது, சொல்லைப் பிழையாக எழுதுவது போன்ற தொடரியல் பிழைகள், அதாவது மொழியின் அமைப்பு விதி மீறப்படுவதால் வரும் பிழைகள், இதனால் எழவே வாய்ப்பில்லை. இயங்கும்போது எழும் சிக்கல்களிலும் கருவி தன்னால் இயன்றவரை பொருத்தமான ஒன்றைச் செய்துவிட முயல்கிறது. பூனையை மேடைக்கு வெளியே வெகுதொலைவுக்கு அனுப்பும் கட்டளை தந்தாலும், அதன் ஒரு பகுதி விளிம்பில் தெரியும்படியே அது நின்றுவிடும். ஸ்கிராட்சில் பிழைச்செய்திகளைக் காட்டுவதில்லை என்பது அதை உருவாக்கியவர்கள் தெரிந்தே எடுத்த முடிவு.

இந்த முடிவுக்குப் பின்னணியாகக் கொள்ளத்தக்க ஓர் ஆய்வு மரபு உண்டு. 1980களில் ஐ.பி.எம். நிறுவனத்தின் வாட்சன் ஆய்வு மையத்தில் பணியாற்றிய ஜான் கேரலும் அவருடைய குழுவினரும், சொற்செயலி எனப்படும் ஆவணம் தயாரிக்கும் கருவியை அலுவலகப் பணியாளர்கள் எப்படிக் கற்கிறார்கள் என்று உட்கார்ந்து கவனித்தனர். கையேட்டை முதற்பக்கத்திலிருந்து வரிசையாகப் படிப்பார்கள் என்பது கையேடு எழுதியோரின் எதிர்பார்ப்பு. கற்பவர்களோ பக்கங்களைத் தாண்டினர், சொன்னதற்கு முன்பே ஒன்றை அழுத்திப் பார்த்தனர், தம் சொந்த வேலையை உடனே செய்துவிடத் துடித்தனர், அதனால் சிக்கலில் மாட்டி வெளிவர வழி தெரியாமல் நின்றனர். இதைச் சோம்பல் என்று ஒதுக்காமல், மனிதர் கற்கும் இயல்பே இதுதான் என்று கேரல் எடுத்துக்கொண்டது பாராட்டுக்குரியது. 1984-இல் அவரும் கேரோலின் கேரிதர்ஸும் வெளியிட்ட ஆய்வில், புதியவர்களைச் சிக்கவைக்கும் கட்டளைகளை மட்டும் தற்காலிகமாக முடக்கி, அவற்றைத் தேர்ந்தெடுத்தால் ‘இது இப்போதைக்குக் கிடையாது’ என்று மட்டும் சொல்லும்படி செய்த ஒரு பயிற்சி இடைமுகத்தை முயன்று பார்த்தனர்; முழுக் கருவியோடு தொடங்கியவர்களைவிட இதில் தொடங்கியவர்கள் விரைவாகவும் நன்றாகவும் கற்றனர். கையேட்டையும் அவர் சுருக்கினார்: முன்னுரைகளை நீக்கி, உண்மையான வேலையிலேயே தொடங்கி, எந்த இடத்தில் தவறு நேரக்கூடுமோ அந்த இடத்திலேயே மீளும் வழியை எழுதும் முறை அது. 1990-இல் வந்த அவருடைய நூலின் தலைப்பு, மண்டைக்குள் அறிவை ஊற்றிவிடலாம் என்ற பழைய ஜெர்மானியக் கற்பனையைச் சுட்டும் ‘நியூரம்பர்க் புனல்’ என்பதாகும்.

ஸ்கிராட்சின் பயிற்சிப் பாடங்கள் அந்தக் குறுகிய கையேட்டின் சாயல் கொண்டவை. வேலை செய்யும் பரப்பின் மீதே ஒரு சிறு அட்டை மிதக்கும். அதில் ஒரு படி, அதற்கு ஒரு படம், அடுத்த படிக்கு ஓர் அம்புக்குறி, அவ்வளவுதான். அட்டையை நகர்த்தி வைக்கலாம், சுருக்கலாம், மூடிவிடலாம். பெயருக்கு உயிரூட்டுதல், இசை அமைத்தல், துரத்தல் விளையாட்டு, கதை சொல்லுதல், பறக்கவைத்தல் எனப் பாடங்களின் தலைப்புகளே செய்யவேண்டிய வேலையைச் சொல்கின்றன. ‘மாறிகள்’, ‘மடக்குகள்’ என்ற பாடநூல் தலைப்புகள் அங்கே இல்லை. பெயருக்கு உயிரூட்டும் பாடத்தில், தம் பெயரின் ஒவ்வோர் எழுத்தையும் மேடைக்குக் கொண்டுவந்து, தொட்டால் நிறம் மாறவும் சுழலவும் ஒலி எழுப்பவும் செய்யவேண்டும். கருவியோடு வரும் எழுத்துப் படங்கள் ரோமன் எழுத்துகள் என்பதால், தன் பெயரைத் தமிழில் ஆடவைக்க விரும்பும் குழந்தை, படம் வரையும் பகுதிக்குப் போய் எழுத்துகளைத் தானே வரைந்துகொள்ள வேண்டும். பாடம் சொல்லித்தராத அந்தச் சிறு விலகலில்தான் கருவியின் மற்றொரு பகுதி அக்குழந்தைக்கு முழுதாகப் பழகும்.

படியைச் சரியாகச் செய்தாயிற்றா என்று இந்த அட்டை சோதிப்பதில்லை. எதுவும் செய்யாமலே அடுத்த படிக்குப் போகலாம். 2013-இல் தொடங்கிய ‘அவர் ஆஃப் கோட்’ இயக்கத்தின் புதிர்ப் பாடங்கள் இதற்கு மாறாக, தேவையான சில துண்டுகளை மட்டும் கொடுத்து, விடையைச் சரிபார்த்து, சரியென்றால்தான் அடுத்ததற்கு அனுப்பும். சரிபார்க்கும் பாடம் தனியே கற்பவருக்குத் துணை; ஆனால் பாடம் ஏற்கும் விடையைத் தேடும் பழக்கத்தையும் அது வளர்த்துவிடுகிறது. சோதிக்காத பாடம் விலகிச் செல்ல உரிமை தருகிறது. ஆனால் துணைக்கு ஆசிரியரோ அண்ணனோ அக்காவோ இல்லாத குழந்தை மூன்றாம் படியில் வழிதவறினால், அதைச் சொல்ல யாரும் இருக்கமாட்டார்கள். பள்ளியில் உடனிருந்து கவனிக்க ஒருவர் இருக்கும் இடங்களுக்கு ஸ்கிராட்சின் வழியே மேலானது என்று சொல்லலாம்.

பிழைச்செய்தியை நீக்கியதால் பிழை நீங்கிவிடுவதில்லை என்பதையும் சொல்லியாக வேண்டும். ஓடி முடித்த பூனை கடைசியாக நின்ற இடத்திலேயே நிற்கும். மறுமுறை கொடியை அழுத்தினால் அங்கிருந்தே ஓடும். தொடக்க இடத்தையும் தொடக்க மதிப்பெண்ணையும் ஒவ்வொரு முறையும் நிரலே அமைத்துக்கொள்ள வேண்டும் என்பதைக் கருவி எங்கும் அறிவிப்பதில்லை. நேற்று சரியாக இருந்த விளையாட்டு இன்று ஏன் கோணலாகத் தொடங்குகிறது என்று புரியாமல் சிறுவர் திகைப்பது இதனால்தான். இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தைச் சேர்ந்த ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட கட்டுரை ஒன்று, ஸ்கிராட்ச் கற்ற மாணவர்கள் எதை எட்டவேண்டும் என்று திட்டமிடாமல் கையில் கிடைத்த துண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பதையும், ஒன்றாக இருக்கவேண்டிய நிரலைப் பொருளற்ற சிறு சிறு துணுக்குகளாகச் சிதறடிப்பதையும் பழக்கமாக்கிக்கொள்கிறார்கள் என்று எடுத்துக்காட்டியது. செய்துபார்த்தல் என்னும் நல்ல பண்பின் மறுபக்கம் அது. அங்கே கருவியின் வேலை முடிந்து ஆசிரியரின் வேலை தொடங்குகிறது.

துண்டுகளைக் கோத்துக் கற்றவர் எழுத்து வடிவ மொழிக்கு மாறும்போது என்ன ஆகிறது என்பதை டேவிட் வெய்ன்ட்ராப், யூரி விலென்ஸ்கி ஆகிய அமெரிக்க ஆய்வாளர்கள் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் ஆராய்ந்தனர். ஐந்து வாரப் பயிற்சிக்குப் பின், துண்டுகளோடு கற்றவர்கள் கூடுதலாக முன்னேறியிருந்தனர், இத்துறையில் மேலும் படிக்கும் விருப்பமும் அவர்களிடம் கூடியிருந்தது. எழுத்து வடிவில் கற்றவர்களோ, தாம் செய்தது உண்மையான நிரலாளரின் வேலைக்கு நெருக்கமானது என்று கருதினர். இரு குழுவினரும் ஜாவா மொழிக்கு மாறிப் பத்து வாரங்கள் கற்றபின் தேர்ச்சியில் வேறுபாடு தெரியவில்லை. துண்டுகளில் தொடங்குவது பின்னால் தடையாகும் என்ற அச்சத்துக்கு இதில் ஆதாரமில்லை. அதனால் நிலையான தேர்ச்சி மேன்மை கிடைக்கும் என்பதற்கும் இல்லை.

பிழையைக் கற்பவரின் பக்கம் நின்று பார்க்கும் பாடத்தை எழுத்து வடிவக் கருவிகளும் அண்மைக் காலத்தில் கற்றுவருகின்றன. பைத்தான் மொழியில் ஓர் அடைப்புக்குறியை மூட மறந்தால், முன்பெல்லாம் கோப்பின் கடைசி வரியைக் காட்டி, எதிர்பாராத இடத்தில் முடிந்துவிட்டது என்ற பொருளில் ஒரு செய்தி வரும். 2021 அக்டோபரில் வந்த 3.10 பதிப்பிலிருந்து, திறந்து மூடாமல் விட்ட அந்த அடைப்புக்குறியையே சுட்டி, இது மூடப்படவில்லை என்று சொல்கிறது. எங்கே தடுமாறியது என்ற தன் கணக்கை விட்டுவிட்டு, எழுதியவர் எங்கே தவறியிருப்பார் என்று கருவி யோசிக்கத் தொடங்கியிருக்கிறது.

தமிழ்நாட்டில் இந்தப் பேச்சு வெறும் ஏட்டளவில் நிற்பதல்ல. மாநிலப் பாடத்திட்டத்தின் பத்தாம் வகுப்பு அறிவியல் நூலில் ‘காட்சித் தொடர்பு’ என்னும் பாடத்தில் ஸ்கிராட்ச் அறிமுகமாகிறது. கணினியே வீட்டில் இல்லாத மாணவரும் அதன் பெயரையும் மேடை முதலிய உறுப்புகளையும் அறிய அது வழி செய்கிறது. அச்சிட்ட பக்கத்தால் உறுப்புகளின் பெயரைச் சொல்ல முடியும், திரையின் படத்தைக் காட்ட முடியும். ‘10 அடி நகர்’ என்பதைச் சொடுக்கிப் பூனை நகர்வதைக் காணும் அந்த முதல் நொடியை அதனால் தர இயலாது. ஸ்கிராட்சை இணைய இணைப்பின்றி இயக்கும் வகையிலும் கணினியில் நிறுவிக்கொள்ளலாம், அதற்குக் கட்டணமும் இல்லை. ஆகவே அந்தப் பாடம் நடக்கும் வாரத்தில் பள்ளியின் ஆய்வகக் கதவு திறந்திருந்து, ஒவ்வொரு மாணவரும் பூனையைத் தவறான பக்கம் ஒருமுறையேனும் ஓடவிட்டுத் தாமே திருப்பிக் கொண்டுவர நேரம் கிடைத்தால், அறிமுகம் அறிமுகமாகவே அமையும்.